கிளாட் ரெய்ன்ஸ்: எந்தப் படத்தில் தொடங்குவது?

கேள்வி: சமீபத்தில் ‘காசாபிளாங்கா’ பார்த்தேன். கதாநாயகனைவிட அந்தப் போலீஸ் கேப்டனாக வருபவர்தான் மனதில் நின்றார். பெயர் கிளாட் ரெய்ன்ஸ் என்று தெரிந்துகொண்டேன். தேடினால் ஐம்பதுக்கு மேல் படங்கள் வருகின்றன. எதில் தொடங்க, எதை விட? வாரத்துக்கு ஒரு படம்தான் பார்க்க முடியும். ஆங்கில வசனம் வேகமாகப் போனால் எனக்குப் பிடிபடுவதில்லை. அப்பாவும் கூட உட்காருவார்; அவருக்குப் பேய்ப் படம் மட்டும் ஆகாது.

பதில்: முதலில் ஒன்று. ஆண்டு வரிசைப்படி மட்டும் பார்க்காதீர்கள், பாதியிலேயே அலுத்துவிடும். பெரிய நட்சத்திரம் என்றால் அவருக்காகவே கதை எழுதுவார்கள், வரிசையாகப் பார்த்தால் அவர் ஏறி வந்த பாதை தெரியும். குணச்சித்திர நடிகருக்கு அப்படி இல்லை. ஸ்டூடியோ எந்த வேடத்தை நீட்டியதோ அதைச் செய்தாக வேண்டும். வார்னர் பிரதர்ஸில் ஒப்பந்த நடிகராக இருந்த ரெய்ன்ஸுக்கு 1939இல் மட்டும் ஐந்து முழுநீளப் படங்கள் வெளிவந்தன. அதில் ஒன்று அவர் வாழ்நாளின் சிறந்த படங்களில் சேரும். இன்னொன்றான ‘தே மேட் மீ எ கிரிமினல்’ படத்தில் நியூயார்க் துப்பறிவாளராக வருகிறார். அந்த வேடம் அவருக்குத் துளியும் ஒட்டவில்லை. இப்படிக் கலந்துகட்டித்தான் கிடக்கும். பொறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

முதல் வாரம் ‘நட்டோரியஸ்’ (1946). ஹிட்ச்காக் படம், 101 நிமிடம். ‘காசாபிளாங்கா’வில் பார்த்த இங்க்ரிட் பெர்க்மன்தான் இதிலும் நாயகி. ரியோ டி ஜெனிரோவில் பதுங்கியிருக்கும் நாஜிக் கூட்டத்தில் ஒருவர் ரெய்ன்ஸ். அவரை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பும் பெண் பெர்க்மன்; வேலைக்காக அவரையே கல்யாணமும் செய்துகொள்கிறாள். வில்லன் யார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீட்டில் அவளை உண்மையாக நேசிப்பவரும் அந்த வில்லன்தான். படம் முழுக்க இந்தச் சிக்கலின் மேல்தான் நிற்கிறது.

ஒரு காட்சியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விருந்து நாளன்று பெர்க்மன் ஒயின் அறைச் சாவியைத் திருடிக் கையில் மூடி வைத்திருக்கிறாள். ரெய்ன்ஸ் அன்போடு வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து, ஒன்றைத் திறந்து உள்ளங்கையில் முத்தமிடுகிறார். அடுத்த கையைத் திறப்பதற்குள் அவள் சட்டென்று கட்டிக்கொள்கிறாள். நமக்குச் சாவி மாட்டிவிடுமோ என்று படபடப்பு. ரெய்ன்ஸின் முகத்திலோ மனைவி தானாக வந்து அணைத்துவிட்டாள் என்ற சந்தோஷம் மட்டும்தான். அந்த ஆள் மேல் பரிதாபம் வருகிறது பாருங்கள், அதைத்தான் நான் நடிப்பு என்பேன். பிற்பாடு உண்மை தெரிந்ததும் விடியற்காலையில் அம்மாவின் அறைக்குப் போய் உட்கார்ந்து சொல்லும் காட்சியும் அப்படித்தான். கத்தல் இல்லை, மேஜையைக் குத்துவது இல்லை. (அந்த அம்மாவாக நடித்தவர் இவரைவிட மூன்று வயதுதான் மூத்தவர்! ஆனாலும் உறுத்தவில்லை.)

அடுத்தது ‘தி இன்விசிபிள் மேன்’ (1933). பெயரைப் பார்த்து அப்பா பயப்பட வேண்டாம், பேய் கிடையாது. தன் மருந்தாலேயே உருவம் மறைந்துபோன விஞ்ஞானியின் கதை. 71 நிமிடத்தில் முடிந்துவிடும். ரெய்ன்ஸின் முதல் ஹாலிவுட் படம் இதுதான், வெளிவந்தபோது வயது 44. அவர் முகம் தெரிவது கடைசியில் சில நொடிகள் மட்டும். மற்ற நேரமெல்லாம் கட்டுப்போட்ட தலை, கறுப்புக் கண்ணாடி, இல்லாவிட்டால் வெறும் காற்று. குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் முழுப் படத்தையும் தாங்குகிறார்.

அந்தக் குரல் பிறவியிலேயே வந்ததில்லை என்பதுதான் விசேஷம். 1889இல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பேச்சு கொச்சை, அதற்கு மேல் ‘ர’ சரியாக வராது, தன் பெயரையே ‘வெய்ன்ஸ்’ என்றுதான் சொல்வாராம். நாடக அரங்கில் நடிகர்களை நேரத்துக்குக் கூப்பிட்டு மேடைக்கு அனுப்பும் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். அரங்கை நடத்திய ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ தன் செலவில் உச்சரிப்புப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். முதல் உலகப் போரில் நச்சுப் புகைத் தாக்குதலில் வலது கண் பார்வை ஏறக்குறைய முழுதும் போனது. சாதாரணச் சிப்பாயாகப் போனவர் கேப்டனாகத் திரும்பினார். அப்புறம் லண்டன் நாடகக் கல்லூரியான ராடாவில் ஆசிரியர். பின்னாளில் பெரிய நடிகர்களான ஜான் கில்குட், சார்லஸ் லாட்டன் எல்லாம் அவர் மாணவர்கள்.

இதில் உங்களுக்கும் லாபம் உண்டு. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் வசனத்தைக் கொட்டுகிறவர்களே அதிகம். ரெய்ன்ஸ் ஒவ்வொரு சொல்லையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். முதல் தடவை ஆங்கிலச் சப்டைட்டிலோடு முழுப் படத்தையும் பாருங்கள். பிறகு அவர் வரும் ஒரு காட்சியை மட்டும் சப்டைட்டிலை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள், காது தானாகப் பழகும். இதற்கு ‘காசாபிளாங்கா’வே போதும். சூதாட்டம் நடக்கிறதா என்று அதிர்ச்சி காட்டிக் கடையை மூடச் சொல்லும்போதே, அவர் ஜெயித்த பணத்தை ஒருவன் கொண்டுவந்து நீட்டுவான் அல்லவா? நன்றி சொல்லும்போது குரல் எவ்வளவு இறங்குகிறது, அடுத்த நொடி ‘எல்லோரும் வெளியே’ என்னும்போது எங்கே போகிறது என்று கவனியுங்கள். பாதி நகைச்சுவை அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’. 1939 படங்களில் சிறந்தது என்றேனே, அது இதுதான். ஃபிராங்க் காப்ரா இயக்கியது. ஒரு காலத்தில் கொள்கைப் பிடிப்போடு இருந்து, பிறகு பணக்கார அரசியல் தரகன் கையில் சிக்கிவிட்ட செனட்டராக வருகிறார். நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் செனட் சபையில் மணிக்கணக்காக நின்று பேசும் பகுதியில் எல்லோரும் அவரையே பார்ப்பார்கள். நீங்கள் ரெய்ன்ஸைப் பாருங்கள். வசனம் இல்லாதபோதும் வேலை செய்துகொண்டிருப்பார்.

இந்தப் படத்துக்குத்தான் முதல் ஆஸ்கர் பரிந்துரை. அப்புறம் ‘காசாபிளாங்கா’, ‘மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்’, ‘நட்டோரியஸ்’ என்று மொத்தம் நான்கு, எல்லாம் துணை நடிகர் பிரிவில். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முதல் முறை பரிசைத் தட்டிக்கொண்டுபோன தாமஸ் மிட்செல், ‘மிஸ்டர் ஸ்மித்’திலேயே பத்திரிகை நிருபராக வருகிறார், பரிசு கிடைத்தது ‘ஸ்டேஜ்கோச்’ படத்துக்கு. கடைசி முறை வென்ற ஹெரால்ட் ரஸ்ஸல் இராணுவப் பணியில் இரண்டு கைகளையும் இழந்தவர். அதை யார் குறை சொல்ல முடியும்? ‘காசாபிளாங்கா’வுக்குக் கிடைக்காததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான்காவதாக, நடிகை பெட்டி டேவிஸோடு நடித்த படங்களில் ஒன்று. பலரும் ‘நவ், வாயேஜர்’ (1942) என்பார்கள். நல்ல படம்தான், ஆனால் மனநல மருத்துவராக ரெய்ன்ஸ் வருவது கொஞ்ச நேரமே. என் தேர்வு ‘டிசெப்ஷன்’ (1946). அதில் அகந்தை பிடித்த இசையமைப்பாளர் அவர். முக்கியமான ஒத்திகைக்கு முன்னால் செல்லோ என்ற தந்திக் கருவி வாசிப்பவரை உணவகத்துக்கு அழைத்துப்போய், என்ன சாப்பிடுவது என்று மாற்றி மாற்றி ஆர்டர் கொடுத்தே அந்த மனிதரின் நரம்பைப் பிய்த்து எடுப்பார். மாட்டிக்கொண்டு தவிப்பவர் பால் ஹென்ரீட். ‘காசாபிளாங்கா’வில் பெர்க்மனின் கணவராகப் பார்த்திருப்பீர்கள். ‘மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்’ 146 நிமிடம், இழுவை. ரெய்ன்ஸ் மேல் பாசம் முற்றிய பிறகு பார்க்கலாம்.

அப்பாவுக்கென்றே ஒரு வாரம் ஒதுக்குவதானால் ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ (1938). டெக்னிகலர் வண்ணம், வாள் சண்டை. சிவப்புத் தலைமுடியோடு இளவரசர் ஜானாக ரெய்ன்ஸ் குழைந்து குழைந்து சதி செய்வார். இன்னொரு யோசனை: ‘ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்’ (1941), ‘ஏஞ்சல் ஆன் மை ஷோல்டர்’ (1946) இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவதில் மேலுலக அதிகாரி, இரண்டாவதில் சாத்தான். இரண்டு கதைகளும் ஹாரி செகால் எழுதியவை. இரண்டிலும் அதே மரியாதை, அதே மென்மையான பேச்சுதான். ஒன்றில் ஆறுதலாக இருப்பது மற்றதில் வயிற்றைக் கலக்கும். செத்தவன் திரும்பி வரும் கதைகள்தான், ஆனால் பயமுறுத்தாது.

விடவேண்டியவை: ‘தி ஃபான்டம் ஆஃப் தி ஆப்பரா’ (1943), இதில் அவரைவிடப் பாட்டுக்குத்தான் இடம் அதிகம். ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ (1960), பல்லிகளை டைனோசர் என்று காட்டுவார்கள். ‘தி வுல்ஃப் மேன்’ (1941) நல்ல படம். ஓநாய் மனிதன் விஷயத்தில் முடிவெடுக்க வேண்டியது அப்பா.

தேடும்போது ஆண்டையும் சேர்த்துத் தட்டுங்கள். ‘இன்விசிபிள் மேன்’ என்று மட்டும் போட்டால் 2020 படம் வந்து நிற்கும். ‘காசாபிளாங்கா’வுக்குப் பிற்காலத்தில் வண்ணம் பூசிய பிரதி ஒன்றும் உண்டு, மறுபடி பார்ப்பதானால் கறுப்பு வெள்ளையிலேயே பாருங்கள், நிழலையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் ஒளி அமைத்திருக்கிறார்கள். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் (1962) டிரைடன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியாக வருகிறார். அதை மட்டும் போனில் பார்க்காதீர்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடும், இடைவேளையோடு எடுத்த படம். பெரிய திரையில் எங்காவது போட்டால் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள்.