ஆர்டுயினோவில் லூப் எழுதி மட்டுமே பழக்கம். ஆர்டிஓஎஸ் (பல வேலைகளை முன்னுரிமைப்படி மாற்றி மாற்றி ஓட்டும் சிறு இயங்குதளம்) கற்க எங்கே தொடங்குவது?

முதலில் ஒன்று கேட்கிறேன். திரையில் எழுத 40 மில்லிசெகண்ட் ஆகிற நேரத்தில் பட்டனை அழுத்தியது தவறிப்போகிறது என்கிற மாதிரித் தொல்லை உங்களுக்கு வந்துவிட்டதா? வரவில்லை என்றால் ஆர்டிஓஎஸ் பக்கம் வரவே வேண்டாம். லூப்பும் இரண்டு இண்டரப்ட்டும் (பட்டன் அழுத்தம் மாதிரி ஏதாவது நடந்ததும் ஓடும் நிரலை இடைமறிப்பது) போதும்.

வந்துவிட்டது என்றால் ஒரு இஎஸ்பி32 போர்டும் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இலவச ஆர்டிஓஎஸ்ஸும் போதும். ஸெஃபிர் என்ற இன்னொரு ஆர்டிஓஎஸ்ஸும் நல்லதுதான், ஆனால் டிவைஸ் ட்ரீ (வன்பொருள் விவரக் கோப்பு), கேகான்ஃபிக் (அமைப்புத் தேர்வுகள்) என்று அதன் கட்டமைப்பைப் பிடிபட வைக்கவே நாட்கள் போய்விடும். இஎஸ்பி32-இல் ஆர்டுயினோ நிரல் எழுதியிருந்தால் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸை ஏற்கெனவே ஓட்டியிருக்கிறீர்கள். உங்கள் லூப்பே அங்கே ஒரு டாஸ்க்தான் (ஆர்டிஓஎஸ் தனியாக ஓட்டும் ஒரு வேலை).

அப்புறம், எல்லா ஃபங்ஷனையும் படிக்க உட்காராதீர்கள். ஒரு டாஸ்க் எப்படிக் காத்திருக்கிறது என்பதை மட்டும் முதலில் பிடியுங்கள். நான் அதை விட்டுவிட்டு மாட்டிக்கொண்டேன். இஎஸ்பி-ஐடிஎஃப்-இல் (இஎஸ்பி32 தயாரிப்பாளரின் சொந்த நிரல் தொகுப்பு) ஒரு அனலாக் சென்சாரை 5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படிக்கும் டாஸ்க். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் டிலே போட்டிருந்தேன். ஆனாலும் 5 விநாடிக்கு ஒருமுறை வாட்ச்டாக் (ஏதாவது சிக்கிக்கொண்டதா என்று பார்க்கும் காவல் டைமர்) கத்திக்கொண்டே இருந்தது: ஐடில் டாஸ்க் (வேறு வேலை இல்லாதபோது ஓடுவது) ஓடவே இல்லையாம். அரை நாள் வயரையும் சென்சாரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், அங்கே டிக் (ஆர்டிஓஎஸ் நேரத்தை எண்ணும் துடிப்பு) வேகம் இயல்பாகவே 100 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு டிக் 10 மில்லிசெகண்ட். நான் கேட்ட 5 மில்லிசெகண்டை டிக் கணக்குக்கு மாற்றினால் முழு எண் வகுத்தலில் பூஜ்யம்! என் டாஸ்க் தூங்கவே இல்லை. அதைவிட முன்னுரிமை குறைந்த ஐடிலுக்கு முறையே வரவில்லை. மெனுகான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலில் டிக் வேகத்தை 1000 என்று மாற்றியதும் சரியானது.

இப்படி ஒரு டாஸ்க் இன்னொன்றுக்கு முறையே தராமல் போவதை நீங்களே வேண்டுமென்று செய்து பாருங்கள். பட்டன் இண்டரப்ட் ஒரு கியூவில் (செய்திகள் காத்திருக்கும் வரிசை) செய்தி போடட்டும் (பெயரின் முடிவில் ஃப்ரம்-ஐஎஸ்ஆர் என்று வரும் ஃபங்ஷனைத்தான் அங்கே கூப்பிட வேண்டும்), ஒரு டாஸ்க் அந்தக் கியூவில் காத்திருந்து எல்இடியை மாற்றட்டும். பிறகு அதைவிட முன்னுரிமை கூடிய, எதற்கும் காத்திருக்காத இன்னொரு டாஸ்க்கைச் சேருங்கள். இரண்டையும் செயலியின் ஒரே கோரில் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது கோர் உங்களைக் காப்பாற்றிவிடும். எல்இடி அப்படியே உறைந்துபோகும்.

ஸ்டாக் (ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஒதுக்கும் வேலை நினைவகம்) அளவில் ஒரு பொறி உண்டு. மூல ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் அந்த எண் வேர்டு கணக்கு, இஎஸ்பி-ஐடிஎஃப்-இல் பைட் கணக்கு. 32 பிட் சிப்புக்கு (ஒரு வேர்டு 4 பைட்) எழுதிய உதாரணத்தில் 128 என்று இருந்தால் அது 512 பைட். அதை அப்படியே எடுத்து ஒட்டினால் போர்டு விழுந்துவிடும்.

இரண்டு டாஸ்க்குகள் ஒரே ஐ2சி பஸ்ஸை (சென்சார்களை இணைக்கும் பொதுக் கம்பித்தடம்) தொட்டால் பைனரி செமஃபோர் (வெறும் சைகைக் கொடி) வேண்டாம், மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்கை மட்டும் விடும் பூட்டு) போடுங்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் முன்னுரிமையைக் கடன் கொடுக்கும் வசதி (பூட்டை வைத்திருக்கும் டாஸ்க், அதற்காகக் காத்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறுவது) மியூடெக்ஸுக்குத்தான் உண்டு. 1997-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் (அதில் ஓடியது வேறொரு ஆர்டிஓஎஸ்) திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது அந்த வசதி அணைந்திருந்ததால்தான். பூமியிலிருந்து அதை இயக்கிவிட்ட பிறகே அடங்கியது.