களிமண் பொம்மை நடுவில் சாய்கிறதா? முதலில் விளக்கைப் பாருங்க

பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு படமாக எடுத்துச் செய்யும் ஸ்டாப் மோஷன் அனிமேஷனில், அது நடக்கும் காட்சியை எடுக்கும்போது பாதியிலேயே பொம்மையின் கால் மடங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தீங்க. மேசை விளக்கில் இருப்பது குண்டு பல்பு என்றால் பாதிக் காரணம் அதுதான். பொம்மை செய்யும் களிமண்ணான பிளாஸ்டிசின் எண்ணெய் கலந்தது. காயாது, ஆனால் சூட்டில் இளகும். எல்இடிக்கு மாறுங்க.

மீதிக் காரணம் உள்ளே எலும்பு இல்லாதது. அலுமினியக் கம்பியை இரண்டு இழையாக முறுக்கிக் கைகால் செய்யுங்க. நெஞ்சுக்குள் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி வைத்து, மேலே மெல்லிசாகக் களிமண் பூசினால் கனம் குறையும். பாதத்தில் ஒரு நட்டைப் புதைத்து, தரைப்பலகைக்கு அடியிலிருந்து போல்ட் முடுக்கினால் ஒற்றைக்காலிலும் நிற்கும்.

பாறை, மரத்தை எல்லாம் பிளாஸ்டிசினில் செய்யாதீங்க, வீண்செலவு. தெர்மாகோலைச் செதுக்கிக் காகிதக்கூழ் பூசினால் போதும். நொடிக்கு 12 படம் தாராளம். கைரேகை தெரிகிறதே என்ற கவலையா? விடுங்க, எனக்கு அதுதான் அழகு.