திருவிருந்தும் ஒரு விருந்தும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் சினிமாவே கிடையாது. அப்பா சபை மூப்பர். கல்யாணத்துக்குப் பிறகுதான் படம் பார்க்க ஆரம்பித்தேன். இப்போதும் ஒரு படம் பார்த்து வாய்விட்டுச் சிரித்தால், அன்று ராத்திரி ஜெபத்தில் உட்காரும்போது ஏதோ தப்பு செய்த மாதிரி இருக்கிறது. சினிமா மட்டுமில்லை, நல்ல சாப்பாடு, நல்ல சேலை எல்லாவற்றுக்கும் இப்படித்தான். விசுவாசத்தில் இருக்கிறவர்களுக்கு சினிமா ஏதாவது கற்றுத்தர முடியுமா? இயேசுவின் கதையைப் படமாக எடுத்தவற்றைக் கேட்கவில்லை, அவற்றைப் பார்த்துவிட்டேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, இப்போது எங்களோடு இருக்கிறார்.

ஒரு வாசகி, மார்த்தாண்டம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரே ஒரு படம்தான் ஞாபகம் வந்தது. 1987இல் கேப்ரியல் ஆக்ஸெல் எடுத்த டேனிஷ் படம், ‘பாபெட்டின் விருந்து’. அடுத்த வருடம் வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. போப் பிரான்சிஸ் குடும்பத்தைப் பற்றி 2016இல் வெளியிட்ட மடலில்கூட இந்தப் படத்தைச் சொல்கிறார்.

டென்மார்க்கில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். அங்கே மார்ட்டினா, பிலிப்பா என்று இரண்டு அக்கா தங்கைகள், லூத்தரன் போதகரின் மகள்கள். லூத்தரன் சபைக்கு வித்திட்ட மார்ட்டின் லூதர், அவருடைய தோழர் பிலிப் மெலாங்டன் இருவரின் பெயர்களைத்தான் அப்பா வைத்திருக்கிறார். இருவருக்கும் காதல் வந்தது, போனது. அப்பா காலமான பிறகு அவருடைய சபையைப் பார்த்துக்கொண்டு, காய்ந்த மீனும் ரொட்டிக் கஞ்சியுமாக வாழ்கிறார்கள். 1871இல் ஒரு மழை ராத்திரி, பாரீஸ் கலவரத்தில் கணவனையும் மகனையும் பறிகொடுத்த பாபெட் வாசலில் வந்து நிற்கிறாள். சம்பளம் இல்லாமல் பதினான்கு வருடம் சமைக்கிறாள். அப்புறம் அவளுக்கு லாட்டரியில் 10,000 பிராங்க் விழுகிறது. போதகரின் நூறாவது பிறந்தநாளுக்கு நான் விருந்து வைக்கிறேன் என்கிறாள்.

உயிருள்ள ஆமையும் கூண்டில் காடைகளும் வந்து இறங்குகின்றன. மார்ட்டினா பயந்துபோகிறாள், கெட்ட கனவு காண்கிறாள். சபையார் கூடி ஒரு முடிவெடுக்கிறார்கள்: சாப்பிடுவோம், ஆனால் ருசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டோம். சகோதரி, உங்கள் கடிதத்தில் இருப்பதும் இந்த முடிவுதான் என்று எனக்குத் தோன்றியது.

மேசையில் பன்னிரண்டு பேர். சபையார் வானிலையைப் பற்றியும் போதகரைப் பற்றியும் பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். ஒரு பாட்டி ஷாம்பெயினைக் குடித்துவிட்டு இது ஏதோ எலுமிச்சை பானம் என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்து, தம்ளரைத் தள்ளிவிட்டு ஒயினை எடுக்கிறாள். அவள் எதுவும் சொல்லவில்லை. கை மட்டும் நகர்கிறது. சினிமாவால் முடிவது இதுதான். பிரசங்கத்தில் ‘கிருபை’ என்று ஆயிரம் தடவை கேட்டிருப்போம், அது ஒரு கிழவியின் கைக்கு வந்து சேர்வதைப் பார்த்திருக்கமாட்டோம். அத்தனை வருடமாக ஒருவர்மேல் ஒருவர் மனக்கசப்போடு ஜெபம் செய்தவர்கள், அந்த மேசையில் பழைய ஏமாற்று வேலையைச் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்கிறார்கள்.

அந்த மேசையில் ஒரு ஜெனரலும் இருக்கிறார். இளைஞனாக இருந்தபோது மார்ட்டினாவை விட்டுப் போனவர். சபையாரின் ஒப்பந்தம் தெரியாததால் அவர் ஒருவர்தான் ருசியை வாய்விட்டுப் பாராட்டுகிறார். எழுந்து நின்று 85ஆம் சங்கீதத்தைச் சொல்கிறார். நம்முடைய வேதாகமத்தில் அது ‘கிருபையும் சத்தியமும் ஒன்றையொன்று சந்திக்கும், நீதியும் சமாதானமும் ஒன்றையொன்று முத்தமிடும்’ என்று இருக்கிறது. அன்றைக்கு நாம் விட்டுவிட்டது, தேர்ந்தெடுத்தது இரண்டுமே நமக்குத் தரப்படுகின்றன என்கிறார். எனக்கு இந்த இடம் எப்போது பார்த்தாலும் தொண்டை அடைக்கும்.

தமிழில் நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. நற்கருணையை நாம் திருவிருந்து என்கிறோம். விருந்து என்றால் பழைய தமிழில் புதிது என்றும், புதிதாக வாசலுக்கு வந்தவர் என்றும் பொருள். பாபெட்டே அப்படி வந்த விருந்துதான். ஆனால் நாம் திருவிருந்துக்குப் போய், ஒரு துண்டும் ஒரு வாயும் வாங்கிக்கொண்டு, குற்றவாளியைப்போலத் தலைகுனிந்து திரும்பி வருகிறோம். பயபக்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. விருந்து என்று பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள் என்கிறேன்.

அந்த அக்கா தங்கைகளின் எளிமையைப் படம் ஒரு இடத்தில்கூடத் தாழ்த்திப் பேசவில்லை, இதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் ஏழைகளுக்குக் கஞ்சி கொண்டுபோகிறவர்கள். அவர்கள் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் பாபெட்டுக்கு அடுப்பு ஏது? உங்கள் அப்பா சினிமா வேண்டாம் என்று வளர்த்ததிலும் அப்படி ஒரு அன்பு இருந்திருக்கும்.

பணம் முழுவதும் அந்த ஒரே சாப்பாட்டில் தீர்ந்துவிடுகிறது. கழுவாத பாத்திரங்களுக்கு நடுவே பாபெட் உட்கார்ந்து ஒரு வாய் ஒயின் குடிக்கிறாள். இனி காலமெல்லாம் ஏழைதானே என்கிறாள் மார்ட்டினா. கலைஞன் ஒருநாளும் ஏழை இல்லை என்கிறாள் பாபெட்.

முடிந்தால் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். விருந்து முடிந்து அந்தக் கிழவர்களும் கிழவிகளும் நட்சத்திரங்களுக்குக் கீழே கிணற்றைச் சுற்றிக் கைகோர்த்துப் பாடுவார்கள். அப்போது ஒரு தடவை திரும்பி அவர் முகத்தைப் பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்