அம்மா போட்ட கையெழுத்து செல்லுமா?

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவிலுள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 68 வயது அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பத்தாவது நாள், கூடவே வைத்துப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், "வீட்டு லோனுக்கு ஒரு கையெழுத்து" என்று ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அம்மா மலையாளம் பேசுவார், படிக்க வராது. போன வாரம் கரம் (நிலவரி) கட்ட வில்லேஜ் ஆபீசுக்குப் போனபோதுதான், தென்னந்தோப்பில் அம்மாவின் பங்கு ஒழிமுறியாகி (பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகி) அண்ணன் பெயருக்குப் போக்குவரவும் (பட்டா மாற்றமும்) முடிந்தது தெரிந்திருக்கிறது. அம்மாவே கையெழுத்துப் போட்டாச்சே, இனி என்ன செய்ய என்கிறார்.

செய்யலாம் சகோதரி. ஆனால் "அம்மாவுக்கு நஷ்டம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகாதீர்கள். தெரிந்தே அடிமாட்டு விலைக்கு விற்றவரைக் கோர்ட் காப்பாற்றாது. எவ்வளவு இழந்தார் என்பதற்கு முன்னால், கையெழுத்துப் போடும்போது எந்த நிலையில் இருந்தார், அந்த நிலையை எதிராளி பயன்படுத்திக்கொண்டாரா என்றுதான் பார்ப்பார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்வதும் இதுதான்: வயதாலோ நோயாலோ மனம் தளர்ந்திருப்பவர், இன்னொருவரை நம்பியே இருப்பவர், இப்படிப்பட்டவரின் விருப்பத்தை ஆட்டிவைக்கும் இடத்தில் இருப்பவர் அதை வைத்து நியாயமில்லாத லாபம் அடைந்தால், அந்த ஆதாரத்தை, அதாவது பத்திரத்தை, ரத்து செய்யக் கேட்கலாம். அண்ணன் அப்படி ஒரு இடத்தில் இருந்தார் என்று காட்டி, ஆதாரமும் பார்த்த மாத்திரத்தில் அநியாயமாகத் தெரிந்தால், நேர்மையாகத்தான் வாங்கினேன் என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலைக்குப் போய்விடும்.

மலையாளம் படிக்கத் தெரியாது என்பது மட்டும் போதாது. சித்தூர் தாலூகாவில் பாதிப் பேர் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்! லோன் பத்திரம் என்று சொல்லி ஒழிமுறியில் வாங்கினார் என்பதுதான் உங்கள் பலம். ஆதாரம் இன்னதென்றே மறைத்தால் அது செல்லாது, இன்னதென்று தெரிந்து உள்ளிருக்கும் விவரத்தில் ஏமாந்தால் ரத்து செய்யத்தக்கது என்று 1968-இலேயே உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வழக்கில் கேளுங்கள்.

முதலில் ஆதாரத்தின் சான்றிட்ட நகல் வாங்கி, கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். எழுதியவர் யார், சாட்சிகள் அண்ணனின் ஆட்களா, தமிழில் வாசித்துக் காட்டியதாக ஒரு வரியாவது இருக்கிறதா? பணம் கொடுத்ததாக எழுதியிருந்தால் அம்மாவின் பாஸ்புக்கை எடுங்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், அதிலுள்ள தேதிதான் நாளைக்குப் பேசும்.

வழக்குப் போட வேண்டியவர் அம்மா, நீங்கள் அல்ல. விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம் கெடு, அதனால் வில்லேஜ் ஆபீசுக்குப் போன தேதியைக் குறித்து வையுங்கள். பதிவான நாளே தெரியும் என்று அண்ணன் தரப்பு நிச்சயம் சொல்லும். தோப்பை அவர் கைமாற்றிவிடாமல் இடைக்காலத் தடையும் கூடவே கேளுங்கள். பெண் என்பதால் அம்மாவுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, தாலூகா சட்ட சேவைக் கமிட்டியில் மனுக் கொடுங்கள்.

அப்புறம், அம்மா இன்னும் அண்ணன் வீட்டில்தானே? நோட்டீஸ் போவதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.