பன்னிரண்டில் ஒன்பது பேர் கையெழுத்து: நான் மறுத்தால் நிற்குமா?

கேள்வி: கே.கே. நகரில் 12 ஃபிளாட் உள்ள பழைய குடியிருப்பு எங்களுடையது. இடித்துக் கட்ட செயலாளர் ஒரு பில்டரைப் பிடித்திருக்கிறார். செயலாளருக்குக் கமிஷன் என்று பேச்சு. கூட்டத்தில் பேச எழுந்தால் உட்காரச் சொல்கிறார்கள், தீர்மானப் புத்தகத்தைக் காட்டுவதில்லை. ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். 'என் சம்மதம் கிடையாது' என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் திட்டம் நிற்குமா? - வாசகி, சென்னை

பதில்: நிற்காது. கூட்டத்தில் உட்காரச் சொன்னதை மறந்துவிடுங்கள். கமிஷனை உங்களால் நிரூபிக்க முடியாது. தீர்மானப் புத்தகத்தை எழுத்துமூலம் கேளுங்கள், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தார்களா? ஒருவர் முரண்டு பிடித்தாலே வேலை நின்றுபோன காலம் ஒன்று இருந்தது. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்ததோடு அது முடிந்தது. உங்கள் கட்டடத்துக்கு எட்டுப் பேர் போதும்.

ஆனால் அந்த ஒன்பதும் உரிமையாளர் கையெழுத்துதானா? அண்ணன் அமெரிக்காவில் இருக்க, அவர் சார்பில் கையெழுத்திடப் பவர் பத்திரம் இல்லாத தம்பி போட்டிருப்பார். அப்பா இறந்த வீட்டில் மூத்த மகன் மட்டும் போட்டிருப்பார். இரண்டு கழிந்தால் ஏழுதான். ரொம்ப சந்தோஷப்படாதீர்கள், விட்டுப்போன கையெழுத்தைச் சீக்கிரமே வாங்கிவிடுவார்கள். உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் அவகாசம்.

அந்த அவகாசத்தை ஒப்பந்தத்தில் செலவிடுங்கள். என்னிடம் வருகிறவர்கள் மாட்டுவது அங்கேதான். மாதக்கணக்கில் சண்டை போட்டு, கடைசியில் சலித்துப்போய், நீட்டிய தாளிலெல்லாம் ஒரே நாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். அதில் ஒன்று பவர் பத்திரம். பில்டருக்கு அந்தச் சொத்தில் உரிமை உண்டாகும்படி எழுதிக் கொடுத்துவிட்டால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. அடமானம் வைக்கும் அதிகாரமும் அதில் நடுப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோதுதான் மொத்த மனைமீதும் வங்கிக் கடன் இருப்பது தெரிந்தது என்று வந்து நிற்பவர்கள் உண்டு.

அதைவிட மோசம், திட்ட அனுமதி வருமுன் வீட்டைக் காலி செய்வது. கட்டடம் போய்விடும், அனுமதி இழுக்கும், பில்டர் கொடுத்த வாடகை செக் திரும்பும். கையில் யு.டி.எஸ். (மனையில் உங்கள் பிரிக்கப்படாத பங்கு) இருக்கும், குடியிருக்க வீடு இருக்காது. அனுமதி நகல் கைக்கு வந்த பிறகே சாவி என்று எழுதி வாங்குங்கள். உங்கள் பங்கை அடமானம் வைக்கக் கூடாது, வாடகைக்கு வங்கி உத்தரவாதம் வேண்டும், உங்கள் வீட்டை ஒப்படைக்கும்வரை பில்டர் தன் பங்கில் ஒரு பகுதியையாவது விற்காமல் நிறுத்திவைக்க வேண்டும். 'இப்போதுள்ள அளவே' என்ற வாய்ஜாலம் வேண்டாம். கார்ப்பெட் ஏரியாவும் (வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு) புதிய யு.டி.எஸ்.ஸும் எண்ணில் இருக்கட்டும். எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம், அந்த எண்ணையும் கேளுங்கள்.

இவ்வளவும் எழுத்தில் வந்தால் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வழக்குக்குப் போனால் வருடங்கள் ஓடும், நீங்களும் அதே பழைய கட்டடத்தில்தான் இருப்பீர்கள். நோட்டீஸுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒப்பந்த வரைவை வரிக்கு வரி படிக்க ஒரு வக்கீலைப் பிடியுங்கள். பில்டர் சிபாரிசு செய்கிறவர் வேண்டாம்.