பையனின் உண்டியல் பணமும் மிஷனரி காணிக்கையும்: யாரிடம், எப்படிக் கொடுப்பது?

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. ஓய்வுநாள் பள்ளியில் வடஇந்திய மிஷனரிகளைப் பற்றிக் கேட்டதிலிருந்து உண்டியலில் காசு சேர்க்கிறான். இப்போது 1,840 ரூபாய் இருக்கிறது. மிஷனரி ஊழியத்துக்குத்தான் கொடுப்பேன் என்கிறான். போன மாதம் ஒருவர் வீட்டுக்கு வந்து பிள்ளைகளின் படங்களைக் காட்டினார். மாதம் 500 ரூபாய் ஜிபேயில் அனுப்பினால் ஒரு பிள்ளையைத் தாங்கலாம் என்றார். வருமானவரிக் கழிவுக்கான 80ஜி ரசீதும் தருவாராம். சிங்கப்பூரில் இருக்கும் என் கொழுந்தன் பையன் பெயரில் மிஷனரி காணிக்கைக்குப் பணம் அனுப்புகிறேன் என்கிறார். ஓய்வுநாள் பள்ளியில் அதிகக் காணிக்கை சேர்க்கிற வகுப்புக்குக் கேடயம் என்று அறிவித்திருக்கிறார்கள். நான் என்ன செய்வது? (ஒரு தாய், நாசரேத்)

பதில்: சகோதரி, வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

சபைகள், மிஷனரி சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் போகிற பணம் அந்த ஆளின் பணம். அதை அவர் எந்தப் பிள்ளைக்குச் செலவு செய்தார் என்று எந்த ஆடிட்டரும் பார்க்கப் போவதில்லை. பிள்ளைகள் இல்லம் நடத்துகிறோம் என்று சொல்கிறாரா? 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி அப்படிப்பட்ட இல்லம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். "பாஸ்டர் ஊரில் இல்லை, அப்புறம் அனுப்புகிறோம்" என்று பதில் வந்தால் விஷயம் முடிந்தது. காட்டிய படங்களையும் நம்ப வேண்டாம். ஒரே பிள்ளையின் படம் மூன்று ஊர்களில் மூன்று பெயர்களோடு சுற்றுவது உண்டு.

இன்னொன்று. பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போடத் தேவையில்லை. பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகும்போதுதான் பின் கேட்கும். "தாங்குவோருக்குச் சிறப்புப் பரிசு, இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடுங்கள். உண்மையான சங்கத்துக்கு அனுப்பும்போதும், பின் போடுவதற்கு முன் திரையில் வருகிற பெயரைப் படியுங்கள். சங்கத்தின் பெயர் இருக்க வேண்டும். செயலாளரின் பெயரோ அவர் மனைவியின் பெயரோ இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

அந்த 80ஜி ரசீது விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், சிலர் தெரிந்தே ஏமாற்றவும் செய்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட மதத்தாரின் நன்மைக்காகவே நடக்கிற அமைப்புக்கு 80ஜி கிடையாது. மதச் செலவு ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்குள் இருந்தால்தான் சட்டம் விட்டுக்கொடுக்கிறது. ஆகவே சுவிசேஷ ஊழியமே பிரதான வேலை என்று வைத்திருக்கிற சங்கத்திடம் 80ஜி எதிர்பார்க்காதீர்கள். புதிய வரிமுறையில் இருக்கிறவர்களுக்கு எப்படியும் அந்தக் கழிவு இல்லை. பழைய முறையில் இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். உண்மையாகவே 80ஜி உள்ள அமைப்பு என்றால் வருமானவரித் தளத்திலிருந்து எடுத்த 10பிஇ சான்றிதழ் தரும். வெறும் ரசீதுப் புத்தகத்தில் 80ஜி என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தித் தருகிறவரை வாசலோடு அனுப்புங்கள்.

ஐயாயிரம் கொடுத்தால் ஐம்பதாயிரத்துக்கு ரசீது என்று வருகிற தரகர்களும் இருக்கிறார்கள். மார்ச் மாதம் வந்தால் இவர்களுக்கு ஊரெல்லாம் வேலை. அதை வாங்கி வரிக்கணக்கில் காட்டுகிற அப்பாவின் பக்கத்தில்தான் பிள்ளை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது. காணிக்கை என்றால் என்ன என்று அது அங்கே கற்றுக்கொள்கிறது. உங்கள் மகனின் 1,840 ரூபாய்க்கு வரிவிலக்கு வேண்டாம், மறந்துவிடுங்கள்.

சரி, பையனுக்கு வருவோம்.

நம் ஊரில் வழக்கமாக நடப்பது இதுதான்: கோவில் வாசலில் அம்மா பர்ஸைத் திறந்து பத்து ரூபாயைப் பிள்ளையின் கையில் திணிப்பாள், காணிக்கைப் பை வரும்போது பிள்ளை போடும். அது அம்மாவின் காணிக்கை. பிள்ளையின் கை தபால்காரர் வேலைதான் பார்த்தது. உங்கள் மகன் செய்திருப்பது வேறு, அது அவனுடைய பணம். ஆகவே எவ்வளவு கொடுப்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும். 1,840-ம் கொடுப்பானோ, 500 மட்டும் கொடுத்துவிட்டு மீதியில் கிரிக்கெட் பேட் வாங்குவானோ, முகம் சுளிக்காதீர்கள். பத்தில் ஒரு பங்கு என்று தசமபாகக் கணக்குப் போட்டுக் காட்டவும் வேண்டாம். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது பத்து வயதுப் பையனுக்கும்தான். நீங்கள் அதற்கு மேல் 160 ரூபாய் சேர்த்து 2,000 ஆக்கிவிடவும் கூடாது. உங்கள் காணிக்கையை உங்கள் பெயரில் தனியாகப் போடுங்கள்.

கொடுத்த பிறகு அது எங்கே போனது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பெரும்பாலான சபைகளில் கோட்டை விடுகிற இடம் இதுதான். "மிஷனுக்கு" என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. ஒரு சங்கம், அதில் ஒரு பணித்தளம் என்று ஒரு வருடத்துக்குத் தேர்ந்துகொள்ளுங்கள். வரைபடத்தில் அந்த மாவட்டத்தைக் கண்டுபிடிக்கட்டும். அங்கே என்ன மொழி, என்ன சாப்பாடு, மழைக்காலத்தில் பாதை எப்படி இருக்கும் என்று சங்கப் பத்திரிகையிலிருந்து வாசித்துக் காட்டுங்கள். மிஷனரிகளின் பிள்ளைகள் பலர் அப்பா அம்மாவைப் பிரிந்து விடுதியில் படிக்கிறார்கள். தன் வயதுப் பையன் ஒருவன் அப்படி இருக்கிறான் என்று தெரிந்தால் உங்கள் மகன் நீங்கள் சொல்லாமலே ஜெபிப்பான். ஆனால் மிஷனரியின் பெயர், படம், கிராமம் எதையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஒடிசாவில் 1967-லிருந்தே மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருக்கிறது. அப்புறம் பல மாநிலங்களில் வந்துவிட்டது. இங்கே நாம் பெருமைக்குப் போடுகிற படம் அங்கே ஒருவரைக் காவல் நிலையத்துக்கு அலையவிடும்.

சங்கத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவர் நண்பர்களும் 1903-ல் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்க்காமல், உள்ளூர்ச் சபைகளின் காணிக்கையை நம்பியே தெலுங்கு நாட்டு தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பியது. பிற்பாடு அசரியாவே அங்கே போனார், 1912-ல் பேராயரானார். நம் பக்கத்து அம்மாமார் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் தனியே போட்டு வந்த கதையை உங்கள் மாமியாரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். மிசோரமில் இன்றும் சமையலுக்கு முன் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து, அதைச் சபைக்குக் கொடுத்து ஊழியத்துக்குப் பணம் சேர்க்கிறார்கள். அந்தப் பிடியை அள்ளுகிற வேலையைப் பிள்ளையிடம் கொடுக்கலாம். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு உண்டியலைவிட இது நல்லது. காசின் மதிப்பு தெரியாவிட்டாலும் அரிசி குறைவது கண்ணுக்குத் தெரியும்.

பணத்தைக் கட்டும்போது ரசீது பையன் பெயரில் கேளுங்கள். சின்னத் தொகைக்கு எதற்கு ரசீது என்று சபை அலுவலகத்தில் அலுத்துக்கொள்வார்கள். விடாதீர்கள். பிள்ளைகளின் கவர் பணத்தைக் கொட்டி எண்ணி, 'பலவகை வரவு' என்று ஒரே வரியில் எழுதி மூடிவிடுகிற கணக்குகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது. மிஷனுக்கென்று கொடுத்தது மிஷன் தலைப்பில் வரவில்லை என்றால், ஆண்டு இறுதியில் அது கோவில் காம்பவுண்டுச் சுவராக மாறியிருக்கும். எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோக, யாரும் குறை சொல்லாதபடி, தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார் பவுல் (2 கொரிந்தியர் 8). நம் கமிட்டிகளில் எண்ணும்போது இரண்டு பேர் உட்காருவதற்கே தீர்மானம் போட வேண்டியிருக்கிறது.

இப்போது சிங்கப்பூர்க் கொழுந்தன். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அவர் கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால் கவலை இல்லை. அங்கே பிஆர் என்கிற நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கியிருந்தாலும் அவர் இந்தியக் குடிமகன்தான். தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகச் சங்கத்துக்கு அனுப்பலாம், அது அந்நிய நிதி ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமையே வாங்கிவிட்டார் என்றால் கதை வேறு. நாசரேத்தில் பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் பெற்று, இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டையும் வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைகளைக் கட்டுப்படுத்தும் எஃப்சிஆர்ஏ என்கிற 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் அவர் அந்நியர். அவர் பணத்தை எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள சங்கம் மட்டுமே வாங்கலாம். அதுவும் 2020 திருத்தத்துக்குப் பிறகு பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி பிரதானக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். சொந்த ஊர்ச் சங்கத்துக்கு நூறு டாலர் கொடுக்க டெல்லியைச் சுற்றிக்கொண்டு வா என்கிறார்கள். என்ன செய்ய, சட்டம் அப்படி.

"அப்படியானால் உன் கணக்குக்கு அனுப்புகிறேன், பையன் உண்டியலோடு சேர்த்துக் கட்டிவிடு" என்று கொழுந்தன் சொல்வார். எல்லோரும் சொல்வதுதான். ஊழியத்துக்கென்று வெளிநாட்டுக் குடிமகன் கொடுத்த பணம் எத்தனை கை மாறினாலும் அந்நிய நிதிதான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மாட்டிக்கொள்வது சங்கம், அதன் பதிவே போகலாம். பையனுக்குப் பிறந்தநாள் சட்டை எடுக்க அனுப்புகிற பணத்தைப் பற்றி நான் பேசவில்லை. அது உங்கள் குடும்ப விஷயம், தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். மிஷனுக்கென்று அனுப்புவதைத்தான் சொல்கிறேன். அவர் அந்தச் சங்கத்துக்கே மின்னஞ்சல் போட்டு, எஃப்சிஆர்ஏ கணக்கு விவரம் வாங்கி, தன் பெயரில் அனுப்பட்டும். பையன் பெயர் எதற்கு?

கடைசியாகக் கேடயம். ஓய்வுநாள் பள்ளிக் கண்காணிப்பாளரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். டாக்டர் பிள்ளை இருக்கிற வகுப்பு ஜெயிக்கும், கூலிவேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் இருக்கிற வகுப்பு தோற்கும். அதைத் தவிர அந்தப் போட்டியில் ஒன்றும் நடக்காது. காணிக்கை அட்டையைக் கொடுத்துப் பிள்ளைகளைத் தெருவில் வசூலுக்கு அனுப்புகிறார்கள் என்றால் உங்கள் மகனை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். "காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது" என்பார். வாங்கிவைத்த கேடயம் வீணாகிறது என்று வருத்தப்பட்டால், வேதவசனம் மனப்பாடப் போட்டிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.