பிரசவம் நெருங்கும்போது கொழுந்து பறிக்கப் போகத்தான் வேண்டுமா?

கேள்வி: என் தங்கை வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூன்று வருடமாக டெம்பரரி தொழிலாளி. தலைப்பிரசவம், இப்போது ஏழாம் மாதம். ஜூன் 20 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை சரிவில் நின்றே கொழுந்து எடுக்கிறாள். அப்புறம் இலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு எடை போடும் இடத்துக்கு நடக்கிறாள். கால் வீங்கிச் செருப்பு நுழைவதில்லை. லேசான வேலை கேட்டால், ‘டெம்பரரிக்கு அதெல்லாம் கிடையாது, முடியாவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள், பிள்ளை பெற்றபின் வா’ என்கிறார் சூப்பர்வைசர். இன்னொருவர் பிரசவப் பணமும் அரசாங்கப் பணமும் வாங்கித் தருவதாக 3,000 ரூபாயும் வங்கி பாஸ்புக்கும் கேட்கிறார். என்ன செய்யலாம்? (ஒரு வாசகி, கோவை, மார்ச் கடைசி வாரம்)

பதில்: முதலில், எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே தங்கைக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

தொழிலாளர் வழக்குகளில் நான் அதிகம் பார்க்கும் காகிதம் அந்த ‘விலகல் கடிதம்’தான். கர்ப்பத்தைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை வேலையை விட்டு எடுத்தாலும் பிரசவப் பணத்தை நிர்வாகம் கொடுத்தே ஆக வேண்டும். பிரசவ விடுப்பில் இருப்பவரை நீக்குவதே குற்றம். இதெல்லாம் நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நீக்குவதில்லை, ‘சொந்தக் காரணத்தால் விலகிக்கொள்கிறேன்’ என்று நம் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்து கேட்பது இதைவிட மோசம். ‘பிறகு வா’ என்ற வாக்குறுதிக்குச் சாட்சி கிடையாது, கடிதத்துக்கு உண்டு. மூன்று வருட சர்வீஸும் அதோடு போய்விடும், கிராச்சுட்டி கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

டெம்பரரிக்குக் கிடையாது என்பது பச்சைப் பொய். டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில், அதாவது நிரந்தரமில்லாத ஆட்களின் வருகைப் பட்டியலில், தினக்கூலியாக இருந்த பெண்களுக்கும் பிரசவச் சலுகை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். இத்தனை வருடம் கழித்தும் மலை மேல் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்றால், ஆய்வுக்கு வரும் ஜீப்புகள் எங்கே போய்த் திரும்புகின்றன என்று கேட்கத் தோன்றுகிறது. ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள்: செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், தங்கையின் பெயரில்தான் ஆஜர் விழுகிறதா, மாமியார் பெயரிலோ வேறு யார் பெயரிலோ விழுகிறதா? சம்பளச் சீட்டு இருந்தால் அத்தனையையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிற்கும் வேலைக்கு வருவோம். நீண்ட நேரம் நிற்க வேண்டிய வேலையையோ கடினமான வேலையையோ கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது என்று 1961ஆம் வருட மகப்பேறு சட்டத்திலேயே இருந்தது. பழைய சட்டங்களைச் சேர்த்துக் கட்டிய 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதே விதி உண்டு. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று ஆபீசில் நின்று வாதாட வேண்டாம், அது உங்கள் வேலை இல்லை.

ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அவசரப்பட்டால் இங்கேதான் சறுக்கும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்தத் தடை கர்ப்பகாலம் முழுவதற்கும் கிடையாது. பிரசவத் தேதியிலிருந்து ஆறு வாரம் பின்னால் எண்ணுங்கள். ஜூன் 20க்கு ஆறு வாரம் முன்னால் மே 9. அதற்கும் ஒரு மாதம் முன்னால் ஏப்ரல் 9. தடை தொடங்குவது அந்த ஏப்ரல் 9இல்தான். அந்த ஒரு மாதம் முழுக்க அது செல்லும். மே 9க்குப் பிறகு, விடுப்பு எடுக்காமல் வேலைக்குப் போகும் நாட்களுக்கெல்லாம் செல்லும். அதாவது கடைசி நாள் வரை வேலைக்குப் போனாலும் நிற்க வைக்கக் கூடாது. இன்னொரு நிபந்தனை, அந்தப் பெண்ணே கேட்க வேண்டும். கேட்காதவருக்கு இந்தத் தடை பொருந்தாது. வாயால் கேட்டால் ‘கேட்கவே இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே எழுதிக் கேளுங்கள், நகலில் ஆபீஸ் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். இன்றைக்கே அனுப்பினாலும் தவறில்லை, தேதியைக் குறிப்பிட்டு ‘ஏப்ரல் 9 முதல்’ என்று எழுதினால் சரி.

அதற்கு முந்தைய இரண்டு வாரம்? அங்கே டாக்டர் சீட்டுதான் துணை. வால்பாறை அரசு மருத்துவமனையில் காட்டி வாங்குங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் சம்பளம் கொடுப்பது நிர்வாகம் என்பதை மறக்க வேண்டாம். சீட்டில் ‘ரெஸ்ட் தேவை’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். நல்லெண்ணத்தில்தான் டாக்டர்கள் அப்படி எழுதுகிறார்கள், ஆனால் அதையே காட்டி ‘வேலைக்குத் தகுதியில்லை, சம்பளமில்லாமல் வீட்டில் இரு’ என்று அனுப்பிவிடுவார்கள். ‘தொடர்ந்து நிற்பதும் சுமை தூக்குவதும் கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம்’ என்ற வாசகமும் பிரசவத் தேதியும் இருக்க வேண்டும். தோட்டத்தில் உட்கார்ந்து செய்யும் வேலையே இல்லை என்பார்கள். நாற்றங்காலில் பை நிரப்புவது பின்னே என்ன வேலை? அப்படி மாற்றிக் கொடுத்ததற்காக வழக்கமான தினக்கூலியைக் குறைக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கும் காசு வேறு, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

விடுப்பு மொத்தம் 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் எட்டு வாரம், தங்கைக்கு அது ஏப்ரல் 25இல் தொடங்கும். எட்டையும் முன்னால் எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. கடைசி வரை உட்கார்ந்த வேலை பார்த்துவிட்டு, விடுப்பையெல்லாம் பிள்ளையோடு இருக்க வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. உடம்பு இடம் கொடுத்தால் செய்யலாம்.

பணம் கணக்கிடும்போது ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்க விடாதீர்கள். வால்பாறை இருக்கும் இதே ஆனைமலையில் ஒரு தோட்டத்துப் பெண் தொழிலாளிக்கு, அப்போது இருந்த 12 வார விடுப்புக்கு 84 நாளுக்குப் பதில் 72 நாள் கூலியைத்தான் கொடுத்தார்கள். அவர் விடவில்லை. வழக்கு கோவை தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போய், ஞாயிறும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று 1977இல் முடிந்தது. பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை, கர்ப்பத்துக்கான சான்றிதழ் கொடுத்ததும் முன்கூட்டியே தர வேண்டும். மீதி, பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். தரவில்லை என்றால் தொழிலாளர் துறையின் ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். சங்கம் இருந்தால் சங்கத்தையும் கூட்டிப் போங்கள், ஆனால் புகாரின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். இது தோட்டத் தொழிலாளிக்கான பதில். இ.எஸ்.ஐ. உள்ள மில், கடைகளில் வேலை பார்ப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தக் கதை வேறு.

நான் டாக்டர் இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். ஒதுங்க இடமில்லை, புதருக்குள் போனால் அட்டையும் சிறுத்தையும் என்று பயந்து தோட்டத்துப் பெண்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை. கர்ப்ப காலத்தில் அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுவிடும், தொற்று முற்றினால் குறைப்பிரசவம் வரை போகலாம். சாயங்காலம் இரண்டு காலும் வீங்குவது பெரும்பாலும் நிற்பதால் வருவது. முகமும் கையும் வீங்கினாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், ரத்தம், நீர்க்கசிவு, ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம், குழந்தையின் அசைவு குறைவது என்று எது இருந்தாலும் மனுவும் அனுமதியும் வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். பொள்ளாச்சிக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, இருட்டும்வரை காத்திருக்கக் கூடாது.

கடைசியாக அந்த 3,000 ரூபாய்க்காரர். தோட்டம் தரும் பிரசவப் பணத்துக்கு இடையில் ஆளே தேவையில்லை. அரசாங்கப் பணம் என்று அவர் சொல்வது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமாக இருக்கும். ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ளது. அதற்குக் கர்ப்பத்தைப் பிக்மி என்ற அரசாங்கக் கர்ப்பிணிப் பதிவில் பதிந்து எண் வாங்க வேண்டும். பதிவு இலவசம், கிராம சுகாதார செவிலியரே செய்து தருவார். தங்கைக்குத் தகுதி உண்டா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். பணம் நேராக வங்கிக் கணக்கில் விழும், அதனால்தான் இந்த ஆட்கள் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கேட்கிறார்கள். சிலர் வரப்போகும் பணத்தின் மேல் வட்டிக்குக் கடன் கொடுத்துவிட்டு, கார்டைத் தங்களிடமே வைத்துக்கொள்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் வங்கிக் கிளைக்குப் போய்க் கார்டை முடக்கிவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம், அதற்கு அந்த ஆளின் சம்மதம் தேவையில்லை.